பரணில் கிடக்கும் ஃப்ளாஷ் கேமரா... போகிக்கு எறியும் முன் ஒரு நிமிஷம்!

மார்கழி கடைசி வாரம் வந்துவிட்டால் திருவிடைமருதூர் பக்கத்து வீடுகளில் பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கும். கிழிந்த பாய், உடைந்த முறம், பேசாத ரேடியோ... அவற்றோடு ரெக்ஸின் உறைக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் வரும். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு, முன்னால் குட்டியாக ஒரு லென்ஸ், ஓரத்தில் ஃப்ளாஷ், முதுகில் ஒரு கதவு. `இது இன்னும் வேலை செய்யுமா?' என்று யாராவது பட்டனை அமுக்கிப் பார்ப்பார்கள். அமுங்காது. போகிக் குப்பையோடு சேர்த்துவிடுவார்கள்.

கேமரா போனால் போகட்டும், அதை யாரும் இனி பெரிதாகப் பயன்படுத்தப்போவதில்லை. ஆனால், உள்ளே பாதி எடுத்த ரோல் இருக்கலாம். அதே உறையிலோ பக்கத்து பிஸ்கட் டப்பாவிலோ நெகட்டிவ்கள் இருக்கலாம். 1980-களின் கடைசியிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை, டெல்டாவில் எத்தனையோ குடும்பங்களின் அன்றாட வாழ்க்கைக்கு இருக்கும் ஒரே படச்சாட்சி இந்தப் பெட்டி எடுத்ததுதான்.

கும்பகோணத்துக்காரர்கள் காலத்தை மகாமகத்தை வைத்துக் கணக்கு சொல்வார்கள். அதையே அளவுகோலாக வைத்தால் கதை எளிதாகப் புரியும். 1992 மகாமகத்துக்கு வந்தவர்கள் கையில் இந்தக் கேமராக்கள் இருந்தன. 2004 மகாமகத்திலும் பெரும்பாலும் ரோல் கேமராதான். 2016 மகாமகத்தில் எல்லோர் கையிலும் செல்போன். அந்த முதல் இரண்டு மகாமகங்களுக்கு நடுவில் பிறந்து, காதுகுத்தி, பள்ளிக்கூடம் போன ஒரு தலைமுறையின் படங்கள் இன்றைக்குக் காகிதத்திலும் நெகட்டிவிலும் மட்டுமே இருக்கின்றன. கூகுளில் தேடினால் கிடைக்காது.

ஸ்டூடியோவிலிருந்து கூடத்துக்கு

தஞ்சைப் பகுதிக்கும் புகைப்படத்துக்கும் உறவு மிகப் பழையது. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளமான படமாக்கினார். மூட்டை மூட்டையாகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு செய்த வேலை அது.

அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாகச் சாதாரணக் குடும்பத்துக்குப் புகைப்படம் என்றால் ஸ்டூடியோதான். திருவிடைமருதூரில் வண்டி ஏறி, கும்பகோணத்தில் இறங்கி, தலையைப் படிய வாரி, வரைந்த திரைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒன்று, குழந்தைக்கு மொட்டையடிக்கும் முன்னால் ஒன்று. சில வீடுகளில் தாத்தாவின் ஒரே படம், அவர் இறந்தபிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்ததாக இருக்கும்.

வசதியான வீடுகளில் ஆக்ஃபா க்ளிக்-3 இருந்தது. பரோடாவில் தயாரான கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ரோல் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கே பெருமை சேர்த்த இடம் ஊட்டி. மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் அங்கே தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்தியில் இறங்கியது. `இந்து' என்ற பெயரில் அங்கிருந்து வந்த கறுப்பு வெள்ளை ரோலில்தான் பல வீட்டுக் கல்யாணங்கள் பதிவாகின. கலர் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது, ஆலை நலிந்து மூடப்பட்டது.

க்ளிக்-3 நல்ல கேமராதான். ஆனால், அதற்கு வெயில் வேண்டும். ஃப்ளாஷ் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். நம் ஊர் ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். முற்றத்தில் வெளிச்சம் கொட்டும். இரண்டடி தள்ளித் தாழ்வாரத்துக்கு வந்தால் பாதியாகிவிடும். கூடத்துக்குள் போனால் ஒரு நாற்பது வாட் பல்பு. அடுக்களையில் அதுவும் இல்லை. வெயிலை நம்பிய கேமரா வீட்டுக்குள் நுழையவே முடியாது. வீட்டுக்குள் நடப்பதுதானே வாழ்க்கை!

இந்தச் சிக்கலுக்கு ஜப்பானில் விடை கிடைத்தது. 1975-ல் கோனிகா நிறுவனம் `சி-35 இ.எஃப்.' என்ற கேமராவைக் கொண்டுவந்தது. ஃப்ளாஷ் உள்ளேயே இருந்தது. அதற்கு முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள். மக்கள் அள்ளிக்கொண்டு போனது இதைத்தான். ஜப்பானியர்கள் வைத்த செல்லப்பெயர் `பிக்காரி கோனிகா'. நம் பாஷையில் `பளிச் கோனிகா' என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பின் உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது, விலை இறங்கியது.

இந்தியாவில் 1980-களில் `ஹாட் ஷாட்' வந்தது. `கட்டக்' என்று பட்டன் சத்தத்தையே விளம்பரமாக்கிய கேமரா. டி.வி பார்த்த தலைமுறைக்கு அந்த ஒரு சொல் போதும். அதற்குப் பிறகு யாஷிகா எம்.எஃப்-2 சூப்பர். கறுப்பு உடம்பு, பார்த்தால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லீவில் வந்தவர்களின் பெட்டியில் வாசனை சோப்புக்கும் ஃபாரின் சேலைக்கும் நடுவில் துண்டில் சுற்றிய கேமரா ஒன்று வரும். ஊர் போகும்போது அதைத் தங்கையிடமோ மச்சானிடமோ விட்டுவிட்டுப் போவார்கள். அப்புறம் வந்தது கோடக் கே.பி-10. பள்ளிச் சுற்றுலாவுக்கு இரவல் கேட்கும் அளவுக்கு எளிய கேமரா.

3 வோல்ட்டிலிருந்து 300 வோல்ட்

இந்தக் கேமராக்களில் திருப்பிச் சரிசெய்ய ஒன்றுமே இருக்காது. லென்ஸ் நகராது. ஏறக்குறைய ஐந்தடிக்கு அப்பால் இருப்பது எல்லாமே ஓரளவு தெளிவாக விழும்படி தயாரிப்பிலேயே ஒரே இடத்தில் பொருத்தியிருப்பார்கள். ஷட்டரும் பெரும்பாலும் ஒரே வேகம்தான், நூறில் ஒரு வினாடிக்குப் பக்கத்தில். வெயில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கலர் ரோல் தாங்கிக்கொள்ளும். மீதியை லேபில் பிரிண்ட் போடுபவர் சமாளிப்பார். அதனால்தான் எட்டாம் வகுப்புப் பையனும் படமெடுக்க முடிந்தது.

உள்ளே உண்மையான வித்தை செய்வது ஃப்ளாஷ்தான். இரண்டு பென்டார்ச் பேட்டரி போட்டால் மொத்தம் 3 வோல்ட். அதைச் சின்ன சர்க்யூட் ஒன்று சுமார் 300 வோல்ட்டாக ஏற்றி ஒரு மின்தேக்கியில் சேமிக்கும். ஸ்விட்ச்சைத் தள்ளியதும் கொசு ரீங்காரம்போல `ஙீ...' என்று ஒரு சத்தம் மெல்ல மேலேறிப் போகுமே, அது இந்த வேலை நடக்கும் சத்தம். சத்தம் அடங்கி, பின்னால் சின்ன விளக்கு எரிந்தால் தயார். பட்டனை அமுக்கியதும் செனான் வாயு அடைத்த குழாய்க்குள் அத்தனையும் ஒரே நொடியில், சொல்லப்போனால் ஆயிரத்தில் ஒரு நொடியில், கொட்டித் தீர்ந்துவிடும்.

அந்த வெளிச்சம் போய்ச்சேரும் தூரம் பத்தடிதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். கல்யாண குரூப் போட்டோவில் முன்வரிசைச் சித்தப்பா மாவு பூசியதுபோல வெளுத்திருப்பதும், பின்வரிசை மாமாக்களுக்குப் பல் மட்டும் தெரிவதும் இதனால்தான். இரவுத் தேரோட்டத்தில் தூரத்தில் நின்றுகொண்டு ஃப்ளாஷ் அடித்தவர்களுக்கு, முன்னால் நின்றவர்களின் தலையும் அதற்குப் பின்னால் இருட்டும்தான் கிடைத்தன. கழுவிப் பார்க்கும் வரை தெரியாது, பாவம்.

கண் சிவந்திருப்பதற்குக் காரணம், ஃப்ளாஷ் லென்ஸுக்கு ஒட்டிப் பக்கத்திலேயே இருப்பது. இருட்டில் விரிந்திருக்கும் கண்மணி வழியே வெளிச்சம் நேராக உள்ளே போய், விழித்திரைக்குப் பின்னாலிருக்கும் ரத்த நாளங்களில் பட்டு, அதே வழியில் திரும்புகிறது. மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் எடுத்த படத்தில் பசுவின் கண் சிவக்காது, பச்சையாக மினுங்கும். மாட்டுக்கு விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

தாழ்வாரத்தில் எடுத்த படம்

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் ஒரு பித்தளைப் பாவை விளக்கு நிற்கிறது. கையில் அகலை ஏந்திய பெண். மராத்திய அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரதாப சிம்மனை மணக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அம்முனு அம்மணி, அது நிறைவேறியதும் லட்சதீபம் ஏற்றி, அதில் ஒன்றாகத் தன் உருவத்தையே வார்த்து வைத்தார் என்று பீடத்திலுள்ள எழுத்து சொல்கிறது. ஆண்டு 1853. டிரைப் தஞ்சைக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால். `நான் இப்படி இருந்தேன்' என்று சொல்லிவிட்டுப்போக அன்றைக்கு அரண்மனைத் தொடர்பும் பித்தளையும் தேவைப்பட்டன.

பிளாஸ்டிக் கேமரா அதைச் சாதாரண வீட்டுப் பெண்களுக்குக் கொண்டுவந்தது. ஸ்டூடியோவுக்குப் போகவே போகாத பாட்டி, தாழ்வாரத்தில் அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கும்போது `பளிச்'. `ஐயோ, தலைகூட வாரலையேடா' என்று முந்தானையை இழுத்து முகத்தை மறைக்கும் நொடியில் இன்னொரு `பளிச்'. அந்த இரண்டாவது படம்தான் பல வீடுகளில் இன்றைக்கு எல்லோருக்கும் பிடித்த படம்.

அவற்றின் பின்னணியைப் பாருங்கள். கல் உரல், பத்தாயம், குதிர், கயிற்றுக் கட்டில், சுவரில் நெல் மண்டிக் காலண்டர். திருபுவனம் பக்கத்து வீடாக இருந்தால் ஓரத்தில் கைத்தறி. யாரும் அவற்றைப் படமெடுக்க நினைக்கவில்லை, தானாக வந்து விழுந்தவை. பாதி வீடுகளில் இன்று அந்தப் பத்தாயமும் இல்லை, ஓட்டுக்கூரையும் இல்லை. 1990-களின் டெல்டா வீடு எப்படியிருந்தது என்று நாளைக்கு யாராவது எழுத உட்கார்ந்தால், தேட வேண்டியது இந்த ஆல்பங்களில்தான்.

பழைய படம் எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்குக் கொள்ளிடத்துக்கு அக்கரையிலேயே உதாரணம் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் சிலை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்துவைத்திருந்த படங்கள் துப்பாக உதவின. 2014-ல் நடராஜர் நாடு திரும்பினார். கோயிலுக்கு ஓர் ஆவணக் காப்பகம் இருந்தது. வீட்டுக்கு பிஸ்கட் டப்பாதான்.

ஈரம் என்ற எதிரி

கலர் பிரிண்ட்டில் இருப்பது சாயம். வெயிலிலும் வெப்பத்திலும் வெளுக்கும். அந்தச் சாயத்தைத் தாங்கியிருப்பது ஜெலட்டின், அதாவது விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் புரதம். பூஞ்சைக்கு அது விருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே ஓதம் காக்கும் ஊரில், பரணிலிருக்கும் ஆல்பம் என்னவாகும்? பக்கங்கள் ஒட்டும். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நெகட்டிவில் வலைபோலக் கோடுகள் ஓடும்.

வெள்ளமும் கடலும் வந்தால் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கரையோரத்தில் வீட்டோடு ஆல்பங்களும் போயின. இறந்த குழந்தையின் முகத்தைப் பார்க்கக்கூட ஒரு படம் மிஞ்சாத வீடுகள் உண்டு. 2011-ல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, இடிபாடுகளுக்குள் சேற்றில் கிடந்த படங்களை மக்கள் பொறுக்கிச் சேர்த்தார்கள். யமமோட்டோ என்ற சின்ன ஊரில் மட்டும் ஏறக்குறைய ஏழரை லட்சம் படங்கள். தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசி, காயவைத்து, டிஜிட்டலாக்கி, உரியவர்களைத் தேடித் திருப்பித் தந்தார்கள்.

அங்கே கற்ற பாடம் நமக்கும் உதவும். நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்தால் அவ்வளவுதான், பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் வைத்து மெல்லப் பிரித்து, படம் மேலே பார்க்கும்படி துணியில் பரப்பி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் சுருண்டுவிடும். உடனே செய்ய முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, நிதானமாக எடுத்துச் செய்யலாம்.

கேமரா கையில் கிடைத்தால்...

முதல் விஷயம், பின்கதவைத் திறக்காதீர்கள். உள்ளே ரோல் இருந்தால் வெளிச்சம் பட்ட அந்த நொடியில் எல்லாம் போய்விடும். மேலே இடப்பக்கம் ரோல் சுற்றும் சின்னப் பிடி இருந்தால், அம்பு காட்டும் திசையில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சும்மா சுழன்றால் உள்ளே ஒன்றுமில்லை. இறுகிப் பிடித்தால் ரோல் இருக்கிறது. அடிப்பக்கத்திலுள்ள குட்டி பட்டனை அமுக்கிக்கொண்டு, இறுக்கம் விட்டுப் பிடி தளர்வாகும் வரை சுற்றுங்கள். ரோல் தன் டப்பாவுக்குள் போய்விடும். தானாகச் சுற்றும் மோட்டார் வகையாக இருந்தால் புது பேட்டரி போட்டு, அதற்கான ஸ்விட்ச்சைத் தள்ள வேண்டும்.

இருபது, முப்பது வருஷ ரோலில் என்ன இருக்கும் என்று விட்டுவிட வேண்டாம். நிறம் மாறியிருக்கும், புகைபடிந்ததுபோல இருக்கும். ஆனாலும், ஆள் யாரென்று தெரியும் அளவுக்குப் பல நேரங்களில் படம் பிழைத்திருக்கிறது. ஒருகாலத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்றாக இருந்த கலர் லேப்களில் ரோல் கழுவுவது இப்போது அநேகமாக நின்றுவிட்டது. சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் சில லேப்கள் கூரியரில் வாங்கிக் கழுவித் தருகின்றன. பழைய ரோல் என்று சொல்லி அனுப்புங்கள்.

இரண்டாவது, ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். அந்த 300 வோல்ட் மின்தேக்கி, பேட்டரியைக் கழற்றிப் பல நாள் ஆன பிறகும் ஷாக் அடிக்கக்கூடும். பிள்ளைகளிடம் `பிரிச்சுப் பாரு' என்று கொடுத்துவிடக் கூடாது. பேட்டரி கசிந்து மாவுபோலப் பூத்திருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம், நெகட்டிவ். பிரிண்ட் வெளுத்துப்போன வீட்டிலும் உறைக்குள் இருட்டில் இருந்த நெகட்டிவ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். என்ன படம் என்று பார்க்க உங்கள் போனே போதும். செட்டிங்ஸில் `அக்ஸஸிபிலிட்டி' பகுதியில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதி இருக்கும். அதை ஆன் செய்து, கேமராவைத் திறந்து, வெளிச்சமான ஜன்னலுக்கு எதிரே நெகட்டிவைப் பிடித்துப் பாருங்கள். கறுப்புப் பற்களோடு பேய்மாதிரி இருந்தவர்கள் மனிதர்களாகிவிடுவார்கள். நெகட்டிவில் ஆரஞ்சு நிறம் கலந்திருப்பதால் படம் நீலமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். நல்ல பிரதி வேண்டுமென்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் கொடுங்கள். நெகட்டிவைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தை உரிக்க முயல வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே போனில் படமெடுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டியதை எடுக்க, மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து ரம்பம்போல இழுத்தால் வரும். வராததை விட்டுவிடுங்கள். மீட்டதை எல்லாம் காகித உறையில் போட்டு, பரணில் ஏற்றாமல் பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள்.

பட்டணத்துப் பிள்ளைகள் இப்போது இதே பழைய கேமராக்களை இணையத்தில் தேடி வாங்குகிறார்கள். 2024-ல் பென்டாக்ஸ் நிறுவனம் புதிதாகவே ஒரு ரோல் கேமராவை வெளியிட்டது. ரோல், கழுவும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு க்ளிக்குக்கு முப்பது, நாற்பது ரூபாய் ஆகிவிடும். ஆசைப்படுபவர்கள் செய்யட்டும். பரணில் இருக்கும் கேமரா ஓடுகிறதென்றால் ஒரு ரோல் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

தைப்பூசத் தேருக்கு வெளியூரிலிருந்து சொந்தங்கள் வருவார்கள். அப்போது அந்தப் படங்களைக் கூடத்தில் பரப்பிவைத்து, வயதானவர்களிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, யார், எங்கே, எந்த விசேஷம் என்று கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் அழுத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அதன் தடம் முன்பக்கம் தெரியும். எழுதும்போது, படமெடுத்தது யார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். செல்ஃபி இல்லாத காலம் அது. கேமரா பிடித்தவர் தான் எடுத்த எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். சில வீடுகளில் பத்து வருஷ ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அப்பாவோ மாமாவோ கண்ணில் படமாட்டார்கள். எங்காவது ஒரு படத்தில், அலமாரிக் கண்ணாடியில், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் மட்டும் வெள்ளை வட்டமாக விழுந்திருக்கும்.